புது ஹாக்கி ஸ்கேட்ஸ் காலுக்கு ஒத்துவரவில்லை: பொறுப்பதா, சூடாக்குவதா, பிளேடைத் திருத்துவதா?

புதுச் சப்பாத்து கடித்தால் எங்கள் வீடுகளில் ஒரே மருந்துதான்: நாலு நாள் போட்டு நட, சரியாகிவிடும். தோல் சப்பாத்துக்கு அது பொருந்தும். ஐஸ் ஹாக்கி ஸ்கேட்ஸுக்குப் பாதிதான் பொருந்தும். எந்தப் பாதி என்று தெரியாமல் போன பனிக்காலத்தில் மூன்று கிழமையை வீணாக்கினேன். இப்போது அதே இடத்தில் நிற்பவர்களுக்காக, என் முன்னால் இருந்த வழிகளை எடைபோட்டு எழுதுகிறேன்.

நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஞாயிறு இரவுகளில் பெரியவர்களுக்கான லீக்கில் ஆடுகிறேன். எடை 84 கிலோ. எட்டு வருடம் ஆடிய சோடி கணுக்காலில் துவண்டு போனதால், அதே அளவில், அதைவிட விறைப்பான ஒரு சோடி வாங்கினேன். முதல் நாளே நாலு தொல்லை ஒன்றாக வந்தது. பிரேக் போட்டால் பிளேடு ஐஸைக் கவ்விக்கொண்டு நின்றது. உடம்பு நிற்காமல் முன்னால் போனது. குதிகாலை யாரோ கீழிருந்து தூக்கிப் பிடித்ததுபோல எந்நேரமும் ஒரு சாய்வு. அரை மணித்தியாலத்தில் உள்ளங்கால் வளைவில் எரிவு. கழற்றிப் பார்த்தால், காலும் பாதமும் மடிகிற இடத்தில் லேஸ் அழுத்திய சிவந்த தடம், தொட்டாலே நோ.

உடை மாற்றும் அறையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். "இன்னொரு தடவை பேக் பண்ணு." "பேசாமல் பத்து ஆட்டம் ஆடு." "பிளேடை புரொஃபைல் பண்ணக் கொடு." "திருப்பிக் கொடுத்துவிடு." பேக் என்றால் பூட்டை அடுப்பில் சூடாக்கிக் காலுக்கு வார்ப்பது, புரொஃபைல் என்றால் பிளேடின் வில்லைத் தேய்த்து மாற்றுவது. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்கு உண்மையிலேயே பலித்த வைத்தியம். ஆனால் அவர்களுக்கு வந்த நோய் ஒன்றல்ல.

ஸ்கேட்ஸில் இரண்டு பொருள் இருக்கின்றன. மேலே காலைப் பிடிக்கும் பூட், கீழே ஐஸைத் தொடும் ஸ்டீல். நோவு பூட்டிலிருந்து வரும். தடுமாற்றம் பெரும்பாலும் ஸ்டீலிலிருந்து வரும். இதைப் பிரித்துப் பார்க்காமல், தடுமாறுகிறவர்கள் பூட்டைச் சூடாக்குகிறார்கள், காலில் நோ உள்ளவர்கள் பிளேடை மாற்றுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். புது ஸ்கேட்ஸ் சரியில்லை என்று வருகிறவர்களில் பலருக்குப் பூட்டில் குற்றமே இல்லை என்பது என் கருத்து. பிளேடைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வழிகளை ஒப்பிட எனக்கு உதவிய கேள்வி ஒன்று உண்டு: செய்தபிறகு பழைய நிலைக்குத் திரும்பி வர முடியுமா? லேஸை எப்போதும் அவிழ்த்துக் கட்டலாம். சாணை பிடித்தது பிடிக்கவில்லையா, அடுத்த சாணையில் மாற்றலாம். சூடாக்கி வார்ப்பதை ஓரளவு திருத்தலாம். அகட்டிய பூட்டை ஒடுக்குவது கடினம். தேய்த்தெடுத்த ஸ்டீலை ஒட்ட வழியே இல்லை. இந்த வரிசையில்தான் போக வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

திருப்பிக் கொடுக்கும் வாசல் முதலில் மூடும்

திருப்பிக் கொடுப்பதைக் கடைசி வழி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கான காலம்தான் மிகக் குறுகியது. சாணை பிடித்துவிட்டால், அல்லது சூடாக்கிவிட்டால், பல கடைகள் திரும்ப எடுப்பதில்லை. ஆகவே வாங்கிய அன்றே இரண்டையும் செய்து வாங்கிக்கொண்டு வராதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, பிளேடுக்கு உறை மாட்டி, கம்பளத்தில் அரை மணித்தியாலம் போட்டுக்கொண்டு நில்லுங்கள், முழங்காலை மடித்து இருங்கள். ஆடும்போது போடும் அதே மேசுதான் காலில் இருக்க வேண்டும்.

பார்க்க வேண்டியவை சில. குதிகாலைப் பின்னுக்குத் தட்டி, லேஸ் கட்டி, நேராக நின்றால் பெருவிரல் முன்மூடியை இலேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடித்ததும் விட்டு விலக வேண்டும். மடித்த பிறகும் விரல் நசுங்கினால் அது சிறிது. எந்தச் சூடும் அதை நீளமாக்காது. முழங்காலை மடித்து எழும்போது குதிகால் உள்ளே மேலும் கீழும் ஏறி இறங்கினால் அது பெரிது, அல்லது பின்பக்கம் அகலம். அதையும் சூட்டால் பெரிதாகத் திருத்த முடியாது. இன்னொன்று பென்சில் சோதனை: லேஸ் கட்டாமல் காலை உள்ளே வைத்து, மேலிருந்து மூன்றாவது லேஸ் துளைகளின் மேல் குறுக்காக ஒரு பென்சிலை வையுங்கள். அது இரண்டு பக்கமும் படுக்காமல் உங்கள் புறங்காலில் முட்டி நின்றால், பூட்டின் ஆழம் உங்கள் காலுக்குப் போதாது. லேஸ் கடி வருவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

அளவு விஷயத்தில் ஒரு வார்த்தை. ஹாக்கி ஸ்கேட்ஸ் பொதுவாகச் சப்பாத்து அளவைவிட ஒன்று முதல் ஒன்றரை வரை குறைவு. நீளத்தைவிட எனக்கு முக்கியமாக இருந்தது பருமன். சிறுவயது முழுக்கச் செருப்போடும் வெறுங்காலோடும் திரிந்த என் பாதம் முன்பக்கம் நன்றாக அகன்றது, குதிகால் ஒடுங்கியது. பாவர் நிறுவனம் இப்போது ஃபிட் 1, 2, 3 என்று பிரிக்கிறது, ஒன்று ஒடுங்கியது, மூன்று பருத்தது. சிசிஎம் நிறுவனத்தில் அதே வரிசையில் டேப்பர்ட், ரெகுலர், வைட். அகலம் பற்றாமல் நீளத்தைக் கூட்டி வாங்குவது நம்மவர்கள் செய்யும் வழக்கமான பிழை. பிள்ளைகளுக்கு "வளரும்தானே" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவதும் அப்படியே. அந்தப் பிள்ளை கணுக்கால் சரிந்தே ஸ்கேட் பண்ணப் பழகிவிடும். என்ன செய்தும் பொருந்தாத பாதம் என்றால் அளவெடுத்துச் செய்யும் ஸ்கேட்ஸ் இருக்கிறது. வின்னிப்பெக்கில் விஎச் என்ற பெயரில் தொடங்கி, பிறகு ட்ரூ நிறுவனத்தோடு சேர்ந்தது அதில் பெயர் பெற்றது. விலை ஆயிரம் டாலரைத் தாண்டும். கிழமைக்கு ஒரு தடவை ஆடுகிறவருக்கு முதலில் அதைச் சொல்ல மாட்டேன்.

பொறுத்துப் பார்ப்பது

காசு செலவில்லாத வழி. எந்த நோவுக்குப் பொறுக்கலாம், எதற்குப் பொறுக்கக் கூடாது என்று தெரிந்தால் நல்ல வழியும்கூட. உள்ளங்கால் எரிவுக்குப் பொறுக்கலாம். புது ஸ்கேட்ஸில் நிலை தெரியாதபோது கால்விரல்கள் பிடிமானம் தேடி உள்ளே சுருளும், பாதத்தின் தசை இழுத்துக்கொண்டே இருக்கும், எரியும். நம்பிக்கை வர வர அது குறையும். எனக்கு மூன்றாவது நாள் குறைந்தது. பொதுவாகப் பூட் முழுவதும் இறுக்கமாக, சமமாக அழுத்துவதும் நாளாக நாளாக இளகும். ஐந்து முதல் பத்து மணித்தியாலம் கொடுத்துப் பார்க்கலாம்.

ஒரு புள்ளியில் மட்டும் குத்துகிற நோவு வேறு. கணுக்கால் எலும்பில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பில், குதிகாலின் பின்புறத்தில் ஒரே இடம் திரும்பத் திரும்ப நொந்தால் பொறுக்காதீர்கள். குதிகாலில் அப்படி அழுத்தி அழுத்தி எலும்பு புடைத்துவிடுவது ஹாக்கி ஆடுகிறவர்களிடம் மிகச் சாதாரணம். பூட்டைத் திருத்தலாம், புடைத்த எலும்பு திரும்பிப் போகாது. விரல்கள் மரத்துப்போவதும் பொறுக்க வேண்டிய விஷயம் இல்லை.

பழைய பெரிய ஹாக்கி வீரர்களில் பால் காஃபி தன் கால் அளவைவிட நன்றாகச் சிறிய ஸ்கேட்ஸ் போட்டவர், பாபி ஓர் மேசே போடாமல் ஆடியவர் என்று கதைகளை எடுத்துவந்து பொறுக்கச் சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் நாளெல்லாம் ஐஸில் நின்றவர்கள், பூட்டைப் பார்க்கத் தனி ஆள் வைத்திருந்த அணிகளில் ஆடியவர்கள். ஞாயிறு இரவு பத்து மணிக்கு ஆடி, திங்கள் காலை வேலைக்கு நடக்க வேண்டிய எனக்கு அது அளவுகோலாகாது.

பழகும் காலத்தை எங்கே கழிப்பது என்பதும் ஒரு முடிவு. ஆட்டத்தில் வேண்டாம். ரொறன்ரோ நகரசபையின் வெளி ரிங்குகள் நவம்பர் கடைசியிலிருந்து இலவசமாகத் திறந்திருக்கும். நான் ஸ்காபரோவின் ஆல்பர்ட் கேம்பெல் சதுக்கத்துக்குக் காலை நேரம் போனேன். மட்டையும் இல்லை, பக் என்ற ரப்பர் வட்டும் இல்லை. வட்டம் போடு, நில், பின்னால் போ, இரண்டு பக்கமும் திரும்பு. ஒரு ஆட்டத்தில் உண்மையாக ஐஸில் நிற்பது பதினைந்து, இருபது நிமிடம்தான். இங்கே ஒரு மணித்தியாலம் முழுக்கக் கால் வேலை செய்கிறது.

பழைய சோடியையும் புதியதையும் மாறி மாறிப் போடலாமா? பலர் அப்படிச் செய்கிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. ஞாயிறு பழையது, புதன் புதியது என்று போட்டபோது ஒவ்வொரு தடவையும் முதல் பத்து நிமிடம் உடம்பு பழைய சமநிலையைத்தான் தேடியது. இரண்டு ஆட்டத்துக்குப் பழையது, அதற்குள் வெளி ரிங்கில் நாலு நாள் புதியது, அப்புறம் பழையதை எடுப்பதே இல்லை என்று வைத்த பிறகுதான் முன்னேற்றம் தெரிந்தது.

லேஸ்

புதுப் பூட் விறைப்பாக இருந்தால் முழங்கால் முன்னால் மடியாது. மடியாவிட்டால் நீங்கள் நிமிர்ந்து நிற்பீர்கள், நிமிர்ந்தால் சமநிலை போகும். மேல் துளையில் லேஸைக் கோர்க்காமல் விட்டுப் பாருங்கள். கணுக்கால் மடிப்பில் இறுக்கமாக, முன்பாதத்தில் சற்றுத் தளர்வாக, மேலே இன்னும் தளர்வாக. எனக்கு லேஸ் கடியில் பாதி இதிலேயே போனது. மீதிக்கு நாக்கின் உள்ளே வைக்கும் ஒரு ஜெல் பட்டை. உள்ளங்கால் வளைவு தாழ்ந்தவர்களுக்கும் உயர்ந்தவர்களுக்கும் சூப்பர்ஃபீட் போன்ற உள்தட்டு உதவும். ஆனால் தடித்த தட்டு பூட்டின் ஆழத்தைக் குறைத்து லேஸ் கடியைத் திரும்பக் கொண்டுவரும். ஒன்றைப் போட்டால் மற்றதைப் பாருங்கள்.

சாணை

எனக்கு மூன்று கிழமை போனது இதைப் பார்க்காததால்தான். ஹாக்கி பிளேடின் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது. மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த அகலத்தில் நீளவாக்கில் ஒரு குழிவு ஓடுகிறது, அதன் இரு கரையும்தான் விளிம்புகள். சாணைக்கல்லின் விளிம்பு வளைவின் ஆரம் எவ்வளவு சிறியதோ குழிவு அவ்வளவு ஆழம், விளிம்பு அவ்வளவு கூர்மை. கடையில் இந்த ஆரத்தை ஹாலோ என்பார்கள். 3/8 அங்குலம் ஆழமானது, 1/2 நடுத்தரம், 5/8 மேலோட்டமானது, 3/4 இன்னும் மேலோட்டம். ஆழமான குழிவு ஐஸை நன்றாகக் கவ்வும், வெட்டித் திரும்ப நல்லது. ஆனால் வழுக்கல் குறையும், கால் சீக்கிரம் களைக்கும், நிற்கும்போது அதிரும். மேலோட்டமானது வழுக்கிக்கொண்டு போகும், கவ்வுவது குறைவு. எடை கூடியவர் தன் பாரத்தாலேயே விளிம்பை ஐஸில் இறக்கிவிடுவார், அவருக்கு ஆழம் அவ்வளவு தேவையில்லை. மெலிந்த பிள்ளைகளுக்கு ஆழம் வேண்டும். வெளி ரிங்கில் குளிர் கடுமையாகி ஐஸ் கல்லாக இறுகும் நாட்களில் பெரியவர்களுக்கும் கொஞ்சம் ஆழம் உதவும்.

பழைய சோடிக்கு நான் வருடக்கணக்காக 5/8 பிடித்து வந்தேன். புது சோடிக்குக் கடைக்காரர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் பல கடைகளில் 1/2தான் பிடிப்பார்கள். 84 கிலோ, புத்தம் புது ஸ்டீல், அரை அங்குலக் குழிவு. பிரேக் போட்ட இடத்தில் பிளேடு ஆணி அடித்ததுபோல நின்றதில் ஆச்சரியமே இல்லை. நான் அதைப் பூட்டின் விறைப்பு என்று நினைத்தேன். பத்து டாலர் அளவில் ஒரு சாணை, 5/8க்கு மாற்றியதும் முதல் தொல்லை அன்றே முடிந்தது.

இன்னொன்றையும் சோதிக்க வேண்டும்: இரண்டு விளிம்பும் ஒரே உயரமா? பிளேடை மேல்நோக்கிப் பிடித்து, விளிம்புகளின் மேல் ஒரு காசைக் குறுக்காக வைத்து, முன்னாலிருந்து பாருங்கள். காசு பிளேடுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் சரிந்தால் ஒரு விளிம்பு உயர்ந்திருக்கிறது. உள் விளிம்பில் நன்றாகத் திரும்பி, வெளி விளிம்பில் வழுக்கிவிழுவீர்கள். புது ஸ்டீலுக்கு முதல் சாணை கூடுதல் நேரம் எடுக்கும், அவசரப்பட்டால் இந்தப் பிழை அப்போதுதான் வரும். தொல்லை புரியாத எவருக்கும் என் முதல் கேள்வி இதுதான்: பழையதற்கு என்ன ஹாலோ, புதியதற்கு என்ன ஹாலோ? விடை தெரியாவிட்டால் வேறு எதையும் தொடாமல் முதலில் இதைச் சமமாக்குங்கள். மாற்றிப் பார்க்க விரும்பினால் சிறு படியாக, 1/2க்கும் 5/8க்கும் நடுவே 9/16 இருக்கிறது.

சூடாக்குவதும் அகட்டுவதும்

பேக் பண்ணுவது கணுக்கால் பக்கத்துக்கும், குதிகாலைச் சுற்றிய பிடிப்புக்கும், புறங்காலின் இரு பக்கத்துக்கும் நன்றாக வேலை செய்யும். கடையில் அதற்கென உள்ள அடுப்பில் சுமார் 80 டிகிரி செல்சியஸில் சில நிமிடம் வைப்பார்கள். எத்தனை நிமிடம் என்பது மாடலைப் பொறுத்தது. எடுத்ததும் காலை விட்டு, குதிகாலைப் பின்னுக்குத் தட்டி, லேஸை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் இழுத்துக் கட்ட வேண்டும். சூட்டில் இளகிய துளைகளை மேலிழுத்தால் பிய்ந்துவிடும். முழங்காலை மடித்து உட்கார்ந்தபடி பத்துப் பதினைந்து நிமிடம். எழுந்து நிற்கவே கூடாது. பிறகு 24 மணித்தியாலம் ஐஸுக்குப் போகக் கூடாது. என் பழைய சோடியைச் சூடாக்கியபோது ஒரு கடையில் "நடந்து பாருங்கோ" என்றார்கள், நானும் நடந்தேன். இளகிய பூட்டுக்குள் பாரம் இறங்கி, குதிகால் பகுதி அகன்று, எட்டு வருடமும் அந்தக் கால் உள்ளே அசைந்துகொண்டே இருந்தது. இந்தத் தடவை ஒருவர் சொல்லும்வரை காத்திருக்கவில்லை, அசையாமல் இருந்தேன்.

இரண்டாவது தடவை சூடாக்கலாம். அதற்கு மேல் அடிக்கடி சூடாக்கினால் பசையும் பஞ்சும் தளரும். வீட்டு அடுப்பில் செய்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதன் வெப்பம் காட்டும் எண்ணில் நிற்பதில்லை, ஏறி இறங்கும். நீளம், பின்பக்க அசைவு, சமநிலை, இவை மூன்றுக்கும் சூடு மருந்து இல்லை.

சூடாக்கியும் ஒரு புள்ளியில் குத்தினால் அகட்டல். பஞ்ச் என்பார்கள். நொந்த இடத்தில் உதட்டுச் சாயத்தால் காலில் புள்ளி வைத்து, பூட்டுக்குள் காலை விட்டு எடுத்தால் இடம் பதியும். அந்த இடத்தை மட்டும் சூடாக்கி, ஒரு குண்டும் வளையமும் கொண்ட அழுத்தியால் வெளியே தள்ளுவார்கள். நல்ல கை தெரிந்தவரிடம் சில நிமிட வேலை. என் சுண்டுவிரல் பக்கத்துக்கு இதுதான் தீர்வு. திருப்பி ஒடுக்க முடியாது என்பதால் குறைவாகத் தள்ளச் சொல்லி, இரண்டு நாள் ஆடிப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு தடவை போவது நல்லது.

புரொஃபைல்

மிச்சம் இருந்தது முன்சாய்வு. பக்கவாட்டில் பார்த்தால் பிளேடு ஒரு வில். கடையில் 9 அடி, 10 அடி, 11 அடி என்று சொல்வது அந்த வில் எந்த ஆரமுள்ள வட்டத்தின் துண்டு என்பதை. எண் கூடக் கூடத் தட்டை, ஐஸைத் தொடும் ஸ்டீல் அதிகம், வேகமும் நிலையும் கூடும். குறைந்தால் சுழன்று திரும்ப எளிது. ஸ்வீடனின் புரோஷார்ப் நிறுவனம் ஒரே பிளேடில் நாலு ஆரங்களைச் சேர்க்கும் குவாட் என்ற வடிவத்தைப் பரப்பியது. வயது வந்தவர்களின் லீக்கிலும் இப்போது அதைப் பலர் கேட்டு வாங்குகிறார்கள். சாணையைவிடப் பல மடங்கு செலவு, எடுத்த ஸ்டீல் திரும்ப வராது. அதனால்தான் வரிசையில் கடைசியில் வைக்கிறேன்.

கடைக்குக் கொண்டு போகும் முன் பழைய ஸ்டீலைக் கழற்றிப் புதியதோடு முதுகுக்கு முதுகு சேர்த்துப் பார்த்தேன். பழையது உயரத்தில் நன்றாகக் குறைந்திருந்தது. அதைவிட, எட்டு வருடச் சாணையில் இரண்டு முனையும் உருண்டு, பின்பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. அதாவது நான் இவ்வளவு காலமும் பின்னால் சாய்ந்தபடிதான் ஸ்கேட் பண்ணியிருக்கிறேன். புது சோடி என்னை முன்னால் தள்ளவில்லை, நேராக நிறுத்தியிருக்கிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்போது சாய்வு உண்மையிலேயே மாறலாம். கிராஃப் ஸ்கேட்ஸ் முன்சாய்வுக்குப் பெயர் போனவை. என் இரண்டு சோடியும் ஒரே நிறுவனம், ஸ்டீலைத் தாங்கும் ஹோல்டரும் ஒரே வகை. மாறியது ஸ்டீலின் தேய்மானம் மட்டும்.

புது ஸ்டீலைப் பழையதைப்போலத் தேய்த்துத் தரச் சொல்லலாம். அப்படிக் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. முப்பது வருடப் பழக்கம் உள்ளவர் என்றால் நானே அதைச் சொல்வேன். எனக்கு எட்டு வருடம்தான், பின்சாய்வால் என் முதல் மூன்று காலடி எப்போதும் மெதுவாகத்தான் இருந்தது. ஆறாவது கிழமையில் தூக்கிப் பிடித்த உணர்வு போய்விட்டது. மார்ச்சில் லீக் முடியும்வரை தொழிற்சாலை வில்லிலேயே ஆடினேன், ஐந்து ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை 5/8 சாணை. பழைய ஸ்டீல் இன்னும் பையில் கிடக்கிறது, கடையில் ஒப்பிட்டுக் காட்டுவதற்கு.